பெரிய தலை ஒன்று, சின்னத் தலை ஒன்று

காக்காய் பிடித்து முன்னுக்கு வந்தவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். வருஷக்கணக்காகக் காக்காய் பிடித்தும் முன்னுக்கு வராதவள் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவள் பிடித்தது நிஜக் காக்காய்களை. வலை வைத்துப் பிடித்து, காலில் நிற வளையம் மாட்டி, பறக்கவிட்டு, அப்புறம் அது எதை ஞாபகம் வைத்திருக்கிறது, எதை மறக்கிறது என்று பார்ப்பது அவள் உத்தியோகம். கதவில் 'பறவை மூளை ஆய்வாளர்' என்று பலகை தொங்கியது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எல்லார் வாயிலும் அவள் 'காக்கா டாக்டர்'தான்.

இன்னொரு வகைக் காக்காய் பிடிப்பது அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. கொள்கையாவது கத்தரிக்காயாவது, அதெல்லாம் ஒன்றுமில்லை. ஒருவருக்கு ஐஸ் வைக்க வேண்டுமென்றால் முதலில் எதிரே வருவது யார் என்று தெரிய வேண்டும் அல்லவா? அவளுக்கு அது தெரியாது.

பார்வையில் கோளாறில்லை. கண் தெரியும், மூக்கு தெரியும், வாய் தெரியும், மீசையில் ஒட்டியிருக்கும் சோற்றுப்பருக்கைகூடத் தெரியும். இவை எல்லாவற்றையும் கூட்டி 'இது இன்னார்' என்று விடை சொல்வதற்கு மூளையின் அடிப்பக்கத்தில், காதுக்கு நேர் உள்ளே, ஒரு சின்ன இடம் இருக்கிறது. அவளுக்கு அந்த இடம் பிறவியிலிருந்தே விடுமுறையில் இருந்தது. ஆகவே ஆட்களை நடையை வைத்தும், குரலை வைத்தும், சட்டையை வைத்தும் அடையாளம் கண்டு காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். கணவனைத் தொண்டைக் கனைப்பால் அறிவாள். மாமியாரிடம்தான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த அந்த அம்மாளுக்கு இடம் கொடுத்து, "உக்காருங்கம்மா, எங்க போகணும்?" என்று அன்பாக விசாரித்திருக்கிறாள். "உன் வீட்டுக்குத்தான்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வாக்கியத்தின் புண் இன்னும் ஆறவில்லை.

வீட்டில் தெரிந்த இந்த விஷயம் வேலை பார்க்கும் இடத்தில் தெரியாது. சொல்லவும் முடியாது. மனித மூளையும் காக்காய் மூளையும் முகத்தை எப்படி அறிகின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சியே. முகம் தெரியாதவள் முகத்தைப் பற்றி ஆராய்கிறாள் என்று வெளியே கசிந்தால், மொட்டைத் தலையன் சீப்பு விற்ற கதை என்று காலம் முழுக்கச் சிரிப்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு, 'தலைக்கனம் பிடித்தவள், யாரையும் மதிக்கமாட்டாள்' என்ற பேரை வாங்கி வைத்திருந்தாள்.

நிலையத்தின் இயக்குநருக்கு அங்கே எல்லாரும் வைத்த பெயர் 'பெரிய தலை'. ஆரம்பத்தில் அவருடைய ஷூ கீச் கீச்சென்று கத்தும். நடைபாதையின் கோடியில் கீச் கேட்டதுமே அவள் சுவரோரம் ஒதுங்கி, பல் தெரிய வணக்கம் சொல்லிவிடுவாள். அவரும் மகிழ்ந்துபோவார். அப்புறம் அந்த ஷூ மாறிவிட்டது. புது ஷூ பூனை மாதிரி நடந்தது. அன்றோடு வணக்கம் நின்றது. யாருக்கு நின்றது என்றுகூட அவளுக்குத் தெரியாது. பெரிய தலைக்கோ வணக்கம்தான் காலைச் சாப்பாடு. அதை ஒருத்தி நிறுத்தினால் அவருக்குத் தெரியாமல் போகுமா?

இப்படிப்பட்ட நேரத்தில்தான் அவளுடைய வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது. தற்காலிகம், தற்காலிகம் என்றே ஒப்பந்தம் நீண்டுகொண்டு வந்தது. வருகிற திங்கட்கிழமை குழு கூடி ஒன்று நிரந்தரமாக்கும், இல்லையென்றால் கணக்கை முடித்து அனுப்பிவிடும். அனுப்பிவிட்டால் காக்காய்க் கூடத்தை இடித்துக் கார் நிறுத்துமிடமாக்குவது என்று வரைபடம்கூடத் தயாராகிவிட்டது. குழுவில் யார் என்ன பேசினாலும் முடிவு பெரிய தலையின் வாயிலிருந்துதான் வரும்.

நடுவில் முகமூடிக் கதையைச் சொல்லியாக வேண்டும். காக்காய் முகத்தை மறக்காது. வலை வைத்துப் பிடித்தவனை ஆயுசுக்கும் வைத்துத் திட்டும். தான் மட்டும் திட்டினால் போதாதென்று ஊரைக் கூட்டித் திட்டும். பிற்பாடு பிறக்கிற குஞ்சுக்கும் 'அதோ போறான் பார், அவன்தான்' என்று காட்டிக் கொடுக்கும். சம்பந்திச் சண்டைகூட அதற்குள் ஆறிப்போகும். அதனால் பிடிக்கிறவர் ஒரு முகமூடி மாட்டிக்கொண்டு பிடிப்பது வழக்கம். பழி முகமூடியோடு போய்விடும். தீனி வைக்கிறவருக்கு வேறொரு முகமூடி. கெட்ட முகம் எது, நல்ல முகம் எது என்று காக்காய்கள் எவ்வளவு காலம் நினைவு வைக்கின்றன என்பது சோதனை.

வலை வைத்துப் பிடிப்பவர் அவளுடைய உதவியாளர், பேரப்பிள்ளை எடுத்தவர். காக்காய்க் காலுக்கு வளையம் மாட்டுவதால் அவரை எல்லாரும் வளையல்காரர் என்பார்கள். அவர் தலைக்கு எந்தக் கடை ஹெல்மெட்டும் சேராது, அவ்வளவு பெரிசு. தீனி வைப்பது அவள். அவள் தலை சின்னது. இந்த இரண்டு அளவையும் சொல்லி முகமூடி செய்துவாங்கத்தான் நிலையத்தின் பட்டறைக்குப் போனாள். அங்கே எந்தப் பொருளையும் முழு உருவமாக அச்சடித்துத் தருகிற த்ரீடி பிரிண்டர் ஒன்று உண்டு. அதை ஓட்டுகிற பட்டறைக்காரர் ஒரு வார்த்தை பேசினால் இரண்டாவது வார்த்தையை மறுநாளைக்கு வைத்துக்கொள்கிறவர்.

"ரெண்டு முகமூடி வேணும்ணே," என்றாள். "பெரிய தலை ஒண்ணு, சின்னத் தலை ஒண்ணு."

"பெரிய தலையா?"

"ஆமா. நீங்கதான் பாத்திருக்கீங்களே, அவரு எவ்வளவு பெரிய தலைன்னு."

பட்டறைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "சின்னத் தலை?"

"அது நான்தான்."

"பெரிய தலைக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியாம என்ன? அவருதானே மாட்டிக்கப் போறாரு."

பட்டறைக்காரர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் தோல் நிறத்தில் இரண்டு முகமூடிகள் வந்தன. பெரியது வளையல்காரருக்கு ஒருமாதிரி பொருந்தியது. சின்னது அவள் முகத்தில் போய் ஒட்டிக்கொண்ட அழகைப் பார்த்து அவளே அசந்துபோனாள். மூக்கு மூக்கில், கன்னம் கன்னத்தில். எனக்கென்றே செய்த மாதிரி இருக்கிறதே, மனிதர் பேசாவிட்டாலும் வேலை சுத்தம் என்று மனதுக்குள் பாராட்டினாள். கூடத்தின் சுவரில் இரண்டு ஆணி அடித்து, பெரியதை மாட்டிக் கீழே 'கெட்ட முகம்' என்றும், சின்னதை மாட்டிக் கீழே 'நல்ல முகம்' என்றும் தன் கையாலேயே எழுதி ஒட்டினாள். வளையல்காரர் அந்த எழுத்தைப் படித்துவிட்டு எச்சில் விழுங்கியதை அவள் கவனிக்கவில்லை.

விடிகிற நேரத்தில், ஆள் வருவதற்கு முன்னால், பின்பக்கத்து மரக்கூட்டத்தில் வேலை நடக்கும். பெரிய முகமூடி வலை வைத்துப் பிடிக்கும். பிற்பகலில் சின்ன முகமூடி தீனி போடும். சில மாதத்தில் பெரிய முகமூடி தலை காட்டினாலே மரமெல்லாம் பொங்கி எழுந்தது. சின்ன முகமூடியைக் கண்டால் காக்காய்கள் குரலை இறக்கிக்கொண்டு கிட்ட வந்தன. எல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அவள் முகமூடி இல்லாமல் வெறும் முகத்தோடு மரத்தடியில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாலும் காக்காய்கள் அதே மாதிரி கிட்ட வந்து உட்கார்ந்தன.

அவளுக்கு ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. முகமூடிக்குள் இருப்பது தான்தான் என்று இவற்றுக்கு எப்படித் தெரிந்தது? நடையை வைத்து. குரலை வைத்து. அப்படியென்றால் காக்காயும் என்னை மாதிரிதான்!

"கேட்டீங்களா," என்று கணவனை உலுக்கினாள். "காக்காய் முகத்தை மட்டும் பாக்கறதில்ல. என்னை மாதிரியே நடையைப் பாத்து ஆளைக் கண்டுபிடிக்குது."

"நல்லதாப் போச்சு. எங்கம்மாகிட்ட இனிமே காக்காய் மேல பழியைப் போட்டுடலாம்," என்று அவன் புரண்டு படுத்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதிலிருந்து எல்லாரும் ஒரு கட்சி, தான் மட்டும் தனிக் கட்சி என்று இருந்தவளுக்கு, வானத்திலிருந்து ஒரு கூட்டமே வந்து தன் கட்சியில் சேர்ந்த மாதிரி இருந்தது. அதையே கட்டுரையாக எழுதினாள். திங்கட்கிழமை குழு முன்னால் அவள் வைக்கப்போகிற பெரிய கண்டுபிடிப்பு அதுதான்.

இதற்கிடையில் பெரிய தலைக்குக் காக்காய்த் தொல்லை என்று சிற்றுண்டிக் கூடத்தில் பேச்சு அடிபட்டது. காரிலிருந்து இறங்கிப் படி ஏறுவதற்குள் நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டு கத்துகின்றனவாம். குடை பிடித்து வருகிறாராம். சமையல் கூடத்துப் பின்வாசல் வழியாக வருகிறாராம். அவள் காதில் விழுந்தபோது, "கூடு கட்டற காலம், யாரைப் பாத்தாலும் கத்தும். காக்காய் உக்காரப் பனம்பழம் விழுந்த கதை," என்று சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டைப் பார்த்தாள்.

குழு கூடுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. காக்காய்க் கூடத்தில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. சிறகொடிந்து பறக்க முடியாத சில காக்காய்கள் அங்கே நிரந்தரவாசிகள். அவற்றில் 'வக்கீல்' என்று ஒன்று. சுவரில் சாய்த்திருந்த பெரிய கண்ணாடியில் தெரிகிற காக்காயோடு நாள் தவறாமல் வாதாடும். கண்ணாடியில் தெரிவது தானே என்று அதற்குத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக வைத்த கண்ணாடி. தெரியவில்லை. தினமும் கொத்தி, தினமும் தோற்று, மறுநாள் புது வழக்குத் தொடுக்கும்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மனிதர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையில் மடங்கிய குடை, தோளில் காக்காய் எச்சம். அவருக்கு வாய் திறக்க மூச்சு போதவில்லை. அவளுக்குப் போதுமான அளவு இருந்தது.

"வந்தீங்களா? எத்தனை தடவை சொல்லி அனுப்பறது? இந்த வாரம் வரேன், அந்த வாரம் வரேன்னு இழுத்தடிச்சா எப்படி? தண்ணியெல்லாம் வீணாப் போகுது பாருங்க. அங்க, அந்த மூலையில. கொஞ்சம் குனிஞ்சாத்தான் தெரியும்."

அவள் காட்டிய வேகத்தில் அந்த மனிதர் போய்க் குனிந்தும் பார்த்துவிட்டார்.

"வாஷர் போயிருக்கா, குழாயே போச்சா?"

"தெரியலையே," என்றார் அவர் குனிந்தபடியே.

"உங்களுக்கே தெரியலைன்னா வேற யாரைக் கேக்கறது?"

இந்த நேரத்தில் தீனி வாளியோடு வந்த வளையல்காரர் கதவிலேயே விறைத்து நின்றார். வாளியைக் கீழே வைத்தார். "வணக்கம் சார்," என்றார். குழாயடியில் இருந்தவர் நிமிர்ந்து, "ம்," என்றார். அந்த 'ம்' அவளுக்கு நன்றாகத் தெரிந்த 'ம்'. எல்லாக் கூட்டத்திலும் மேசையின் தலைமாட்டிலிருந்து வருகிற 'ம்'.

"சார்… உக்காருங்க சார். இங்க வெளிச்சம் கம்மி," என்று வெயில் பளிச்சென்று அடிக்கிற கூடத்தில் நின்றுகொண்டு சொன்னாள்.

பெரிய தலை உட்கார்ந்தார். குழாய் விஷயத்தை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அதைவிடப் பெரிய கவலை அவருக்கு இருந்தது. குடையின் நுனியால் தரையில் கோடு போட்டபடி, "டாக்டர், இது இந்தக் கதவைத் தாண்டக்கூடாது," என்றார்.

"தாண்டாது சார்."

"காக்காய்க்கு மனுஷனோட மனசு தெரியுமா?"

"எப்படி சார்?"

"இல்ல… ஒருத்தர் நல்லவரா கெட்டவரா, எப்படி மேல வந்தாரு, அந்த மாதிரி." அவர் குரல் இறங்கியது. "என்னைப் பத்தி வெளியில என்ன பேசிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். காக்கா பிடிச்சே இந்த நாற்காலிக்கு வந்தவன்னு. முழுக்கப் பொய்யின்னு சொல்லமாட்டேன். அது இதுங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சோன்னு பயமா இருக்கு. ஏன்னா வேற யாரையும் எதுவும் பண்றதில்ல. என்னைத்தான். வெளியூர் விருந்தாளிங்களோட நடந்து வந்தாக்கூட, அத்தனை பேர்ல என் ஒருத்தனைத் தேடி வந்து திட்டுது."

கெட்டிக்காரியாக இருந்தால் அந்த இடத்திலேயே, 'ஆமாம் சார், காக்காய் சும்மா கத்தாது. என் வேலையை நிரந்தரமாக்கிப் பாருங்கள், அடங்கிவிடும்' என்று முடித்திருப்பாள். அவளுக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தோன்றவில்லை. அவள் புத்தி வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களை மட்டும்தானா சார்?"

"சிலையையும் விடல."

பதவியில் இருக்கும்போதே இயக்குநருக்கு மார்பளவுச் சிலை வைப்பது அந்த நிலையத்தில் வழக்கம். அவருடையது போன வாரம்தான் தோட்டத்தில் வைக்கப்பட்டது. "எல்லாச் சிலை மேலயும் காக்காய் உக்காரும். அது பரவாயில்ல. என் சிலை மேல உக்காரவே மாட்டேங்குது. சுத்தி நின்னு திட்டுது, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும்," என்றார்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். சிலை நடக்காது. சிலை பேசாது. சிலைக்கு மனசும் கிடையாது, பதவி உயர்வும் கிடையாது. சிலையிடம் இருப்பது முகம் ஒன்றுதான். காக்காய் ஒரு முகத்தைத் திட்டுகிறதென்றால், அந்த முகம் அதைப் பிடித்திருக்க வேண்டும். இந்த வளாகத்தில் காக்காய் பிடித்த முகம் ஒன்றே ஒன்று. அது சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் முகமூடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அங்கே ஒரு முகம், இங்கே ஒரு முகம், அவ்வளவுதான். காக்காய் அலகை அளக்கிற காலிப்பரை மேசையிலிருந்து எடுத்தாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க மூக்கை ஒருதடவை அளந்துக்கலாமா?"

மனிதன் ஒரு கஷ்டத்தில் இருக்கும்போது மருத்துவர் என்ன சொன்னாலும் கேட்பான். அவர் மூக்கை நீட்டினார். அவள் மூக்கின் நீளத்தை அளந்தாள், சுவருக்குப் போய் முகமூடியின் மூக்கை அளந்தாள். திரும்பி வந்து அகலத்தை அளந்தாள், மறுபடி சுவருக்குப் போனாள். இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளி, தாடை, காது மடல். மயிரிழை பிசகவில்லை. பெரிய தலையின் பார்வை அவளோடு சுவருக்கும் நாற்காலிக்கும் போய்வந்து, கடைசியில் சுவரிலேயே நின்றுவிட்டது. தன் முகம். அதற்குக் கீழே, நல்ல கொட்டை எழுத்தில், 'கெட்ட முகம்'.

"அது… தெரிஞ்ச விஷயம்தானே டாக்டரம்மா?" என்றார் வளையல்காரர் மெதுவாக. "நீங்க துணிஞ்சு செய்றீங்க, பெரிய இடத்துச் சமாச்சாரம், நாம ஏன் வாயைத் திறக்கணும்னு இருந்தேன்."

அவள் பட்டறைக்காரருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். "அண்ணே, அந்தப் பெரிய முகமூடிக்கு யார் முகத்தை வெச்சீங்க?"

"பெரிய தலை ஒண்ணு, சின்னத் தலை ஒண்ணு. கேட்டதைக் குடுத்தேன்," என்றது போன். "சிலைக்கு எடுத்த அளவு மிஷின்ல இருந்துச்சு." அன்றைய வார்த்தைகள் தீர்ந்துவிட்டதால் அவர் வைத்துவிட்டார்.

பெரிய தலையின் முகம் சிவந்தது. அவளுக்குச் சிவப்பு தெரியும்.

"கேட்டதைக் குடுத்தாராம். அப்ப நீங்க கேட்டிருக்கீங்க. என் முகத்தை மாட்டிக்கிட்டு மாசக்கணக்கா இதுங்களைப் பிடிச்சு, ஒரு ஊரையே எனக்கு எதிராத் திருப்பி விட்டிருக்கீங்க. நான் என்ன பண்ணினேன் உங்களை? முன்னல்லாம் ஒழுங்கா வணக்கம் சொல்வீங்க. திடீர்னு நிறுத்தினீங்க. சரி, ஏதோ வருத்தம்னு நானும் பொறுத்துக்கிட்டேன். இப்படி உள்ளுக்குள்ள வெச்சுப் பழிவாங்குவீங்கன்னு நினைக்கல." அவர் இரண்டாவது ஆணியைக் குடையால் சுட்டிக் காட்டினார். "கெட்ட முகத்துக்கு என்னை வெச்சீங்க, போகட்டும். நல்ல முகத்துக்கு யாரை வெச்சிருக்கீங்க பாருங்க. கொஞ்சம்கூடக் கூச்சமா இல்லையா?"

"எதுக்கு சார் கூச்சம்?" அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை போனது போனதுதான், பொய்ப் பழியாவது வேண்டாம் என்று நினைத்தாள். "அது யாருன்னே எனக்குத் தெரியாதே. யாரோ ஒரு பொம்பளை. கொஞ்சம் அசட்டுக் களை. ஆனா பாவம், நல்ல முகம் சார். காக்காய்க்கெல்லாம் அவளை ரொம்பப் பிடிக்குது."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பெரிய தலை அவளைப் பார்த்தார். வளையல்காரர் அவளைப் பார்த்தார். வக்கீல்கூட வாதத்தை நிறுத்திவிட்டது.

"டாக்டரம்மா," என்றார் வளையல்காரர். "அது நீங்கதான்."

"நான் மாட்டிக்கறதுதான். முகம் யாரோடதுன்னு கேக்கறாரு சார்."

"முகமும் உங்களுதுதான். உங்க முகத்து மேலயே உங்க முகத்தை மாட்டிக்கிட்டு வந்தீங்க. ஆராய்ச்சின்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு நானும் இருந்துட்டேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பட்டறையில் அந்த இயந்திரம் வந்த புதிதில், வழியோடு போனவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தலையைச் சுற்றி ஏதோ அளவு எடுத்தது ஞாபகம் வந்தது. முகமூடியை ஆணியிலிருந்து எடுத்தாள். கண்ணாடிக்குப் போய் வக்கீலை நகர்த்தி உட்காரவைத்துவிட்டு, முகமூடியைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியில் இரண்டு பெண்கள். இருவரையும் அவளுக்குத் தெரியாது. காலிப்பரை எடுத்துத் தன் மூக்கை அளந்தாள், முகமூடியின் மூக்கை அளந்தாள். பிறகு கண், தாடை. எல்லாம் சரியாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்குத் துக்கம் பொங்கியது. முகத்துக்காக இல்லை, அது இத்தனை வருஷம் தெரியாமல்தானே இருந்தது. மரத்தடியில் கிட்ட வந்து உட்கார்ந்தவை அவளுடைய நடையைப் பார்த்து வரவில்லை. எல்லாரையும் போல முகத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கின்றன. காக்காயும் தன் கட்சி இல்லை. ஆறறிவுக்குத் தெரியாத முகம் ஐந்தறிவுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டுரையும் போயிற்று, கட்டுரையோடு திங்கட்கிழமையும் போயிற்று.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? திரும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மூளையின் அடிப்பக்கத்து இடம், தொண்டைக் கனைப்பு, பஸ்ஸில் மாமியார், கீச் ஷூ, பூனை ஷூ எல்லாம். பெரிய தலை குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் அப்படிக் கேட்டது அதுவே முதல்முறையாக இருக்கும்.

"அப்ப உங்களுக்கு என் மேல கோபமே இல்லையா?"

"உங்களைத் தெரிஞ்சாத்தானே சார் கோபப்பட முடியும்?"

"காக்காய்க்கும் என் மனசு தெரியாது?"

"தெரியாது சார். உங்க மூக்கு மட்டும்தான் தெரியும்."

பெரிய தலை நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார். மாசக்கணக்கில் அடைத்துவைத்த மூச்சு. "அந்தப் பழைய ஷூவை வீட்டுல தூக்கிப் போட்டுட்டாங்க," என்று சொல்லி வருத்தப்பட்டார். பிறகு, "உங்களைத் தலைக்கனம்னு குழுவுல நாலு பேர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அதைத் திருப்பி வாங்கணும். ஆனா உங்க கட்டுரை?" என்றார்.

"அது தப்புன்னு திங்கட்கிழமை நானே சொல்லிடறேன். ஆனா சார்," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். புத்தி மறுபடி வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. "முகமூடியில கத்துக்கிட்டதை, சொல்லித் தராமலே, நிஜ முகத்துல கண்டுபிடிச்சிருக்கு. அங்கேயிருந்து சிலைக்கும் போயிருக்கு. இப்படி ஒரு சோதனையை வேணும்னு யாராலயும் ஏற்பாடு பண்ண முடியாது. எந்த மனுஷன் சம்மதிப்பான்? இந்தப் பனம்பழத்தை நிஜமாவே காக்காய்தான் சார் தள்ளி விட்டிருக்கு."

"கட்டுரையில என் பேரு வருமா?"

"வேண்டாம்னா போடல."

"ஒரு மூத்த அறிஞர்னு போடுங்க," என்றார். "சிலையோட படம் வேணும்னா போட்டுக்கலாம். திங்கட்கிழமை முதல்ல நான் பேசறேன், அப்புறம் நீங்க பேசுங்க. குழாய்க்கும் ஆள் அனுப்பறேன்."

அவள் காலிப்பரைத் திறந்து திறந்து மூடினாள்.

பெரிய தலை குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவிடுக்கு வழியாக மரங்களைப் பார்த்ததும் பழைய பயம் திரும்பியது. "இதுங்களை மன்னிக்க வைக்க வழி உண்டா?"

"உண்டு சார். தினமும் நீங்களே வந்து, உங்க முகத்தோடயே தீனி போடணும். கோபம் மெதுவாத்தான் இறங்கும்."

"நான் போய்க் காக்காயைக் காக்கா பிடிக்கணுமா?"

"உங்களுக்குத் தெரியாததா சார்?" என்ற வளையல்காரர், சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டு வாளியை நோக்கி அவசரமாகக் குனிந்தார். பெரிய தலை அதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டார். அந்தப் பதவிக்கு வந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

"ஒரே ஒரு கஷ்டம் இருக்கு சார்," என்றாள் அவள்.

"என்ன?"

"இனிமே நீங்க எந்தப் பக்கம் வந்தாலும் எனக்குத் தெரியும். காக்காய் கத்தும். கத்தினா நீங்கதான். உடனே வணக்கம் சொல்லிடுவேன். அதுங்க எல்லாம் உங்களை மன்னிச்சுட்டா, எனக்கு மறுபடியும் உங்களைத் தெரியாமப் போயிடும்."

பெரிய தலை கதவில் கை வைத்தபடி நின்று யோசித்தார். வெளியே ஒன்று அவரைப் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கூப்பிட ஆரம்பித்திருந்தது.

"எல்லாத்தையும் சமாதானம் பண்ண வேண்டாம் டாக்டர்," என்றார். "ஒண்ணே ஒண்ணை மட்டும் அப்படியே விட்டு வைங்க." பிறகு குடையை விரித்துக்கொண்டு வெளியே இறங்கினார். மரமெல்லாம் ஒரே குரலில் கத்தியது.

"வணக்கம் சார்," என்றாள் அவள்.